7 விநாடி போதவில்லை

ஐயா,

சென்ற மக்களவைத் தேர்தலில், மேலூர் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அம்மா, "நான் அழுத்துனது அதுலதான் விழுந்துச்சாப்பா?" என்று கேட்டார். பொத்தானை அழுத்தியதும், யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டும் விவிபேட் கருவியில், சின்னம் அச்சான சீட்டு 7 விநாடிதான் தெரியும். முந்தானையில் முடிந்திருந்த மூக்குக்கண்ணாடியை எடுப்பதற்குள் சீட்டு பெட்டிக்குள் விழுந்துவிட்டது. இந்தச் சந்தேகத்தோடு அடுத்த முறை வருவாரா என்பதே என் கவலை. 2019இல் சித்திரைத் தேரோட்ட நாளிலும் இரவு 8 மணிவரை நேரம் நீட்டித்து ஓட்டு வாங்கிய ஊர் எங்கள் மதுரை; இங்கே ஒரு ஓட்டும் சந்தேகத்தால் குறையக் கூடாது.

சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளின் சீட்டுகளையே எண்ணி, இயந்திரக் கணக்கோடு சரிபார்க்கிறார்கள். அதைக் கூட்டுங்கள். அப்புறம், தேர்தலுக்கு முன்பே ஊர் மந்தையில் மாதிரி இயந்திரத்தை வைத்து, வயதானவர்களை நிதானமாக அழுத்திப் பார்க்க விடுங்கள்.

– ஒரு வாசகர், மேலூர்