இந்த வாரம் கே.பி. சுந்தராம்பாள் வாரம்

அனைவருக்கும் வணக்கம். இந்த வாரம் நம் குழுவில் கே.பி.எஸ். அம்மாவின் பாட்டுகளை மட்டும் போடுவோம்.

கொடுமுடியில் பிறந்து, சிறுவயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய பிள்ளை. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்டிய குரல். மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார், வாழ்க்கையிலும்தான். 1933இல் கிட்டப்பா இறந்தபோது அம்மாவுக்கு 25 வயது. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு. அதன்பின் எந்த ஆணுக்கும் ஜோடியாக அவர் நடிக்கவில்லை. 1935இல் நந்தனாராக, ஆண் வேடத்தில் திரைக்கு வந்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்!

திரையில் ஔவையாராக நடித்த அவரை எல்லோருக்கும் தெரியும், நாடக மேடைக் குரல்தான் அவ்வளவாகத் தெரியாது. அதனால் பழைய நாடகப் பாட்டு இசைத்தட்டுப் பதிவு யாரிடமாவது இருந்தால் முதலில் அதை அனுப்புங்கள். சரி, நாளை காலை ஆரம்பிக்கலாம்.