போச்சா ஆடுகளத்துக்கு உங்கள் பங்கு

குண்டு உருட்டுவது புதுச்சேரிக்குப் புதிதில்லை. சாயங்காலமானால் பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா தாத்தாக்கள் இரும்புக் குண்டோடு பெத்தாங்க் ஆடக் கிளம்பிவிடுவார்கள். சின்ன மரக்குண்டுக்கு யாருடையது கிட்டே என்று டேப் வைத்து அளந்து சண்டையும் போடுவார்கள். போச்சாவும் அந்த வகைதான். பேரைச் சொன்னாலே "என்னது, போச்சா?" என்று சிரிக்கிறார்கள். சரி, சிரித்தாயிற்று, இனி விஷயத்துக்கு வருவோம்.

மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்காக உருவான இந்த ஆட்டம் 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. களம் 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். ஒரு தரப்புக்கு 6 சிவப்புப் பந்து, மறு தரப்புக்கு 6 நீலப் பந்து. முதலில் ஜாக் என்கிற வெள்ளைப் பந்தை வீசுவார்கள். அதை நெருங்குவதுதான் ஆட்டம். யார் பந்து தூரத்தில் நிற்கிறதோ அவருக்கே அடுத்த வீச்சு. எதிராளியின் பந்தைத் தட்டிவிடலாம், ஜாக்கையே நகர்த்திவிடலாம். கடைசிப் பந்தில் மொத்தக் கணக்கும் தலைகீழாகும்.

லாஸ்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் மண்டபத்துக்கு ஞாயிறுதோறும் ஒன்பது பேர் வருகிறார்கள். அதில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்திக்குக் கையால் பந்தைப் பிடிக்க முடியாது. நெற்றியில் கட்டிய கம்பியின் முனையால், ராம்ப் என்கிற சரிவுப் பாதையின் மேலிருக்கும் பந்தைத் தள்ளிவிடுவாள். ராம்ப்பைத் திருப்புவது அவள் அப்பா. ஆனால் அவர் களத்துக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும், திரும்பிப் பார்க்கவோ யோசனை சொல்லவோ கூடாது. அது விதி. "இடப்பக்கம், இன்னும், போதும்" என்று மகள் கண்ணாலும் தலையசைப்பாலும் சொல்ல, அவர் விரலளவு விரலளவாக நகர்த்துவார். மகள் முகத்தைப் பார்த்துத்தான் பந்து எங்கே போனதென்று அவருக்குத் தெரியும்.

அந்த ராம்ப் நெடுக அறுத்த பி.வி.சி. குழாய். பந்துகள் கேழ்வரகு அடைத்துத் தைத்த ரெக்சின் உருண்டைகள். போன மழையில் இரண்டில் வண்டு வைத்துவிட்டது! நிஜப் பந்து சுமார் 275 கிராம். எங்களுடையதில் ஒன்று கனம், ஒன்று இலேசு. சிமெண்ட் தரையோ சுவரோரமாகச் சாய்கிறது. அவள் குறி சரியாகத்தான் இருக்கிறது, பந்துதான் ஒதுங்கிப் போகிறது. குறி பார்ப்பதே ஆட்டம் என்றான பிறகு இது அவளுக்கு அநியாயம்.

தரைக்கு வினைல் விரிப்பு, இரண்டு செட் பந்து, இரண்டு ராம்ப், எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய் ஆகிறது. கையில் 71,500 இருக்கிறது. விரிப்பு சதுர மீட்டருக்கு 800 ரூபாய், மொத்தம் 75 சதுர மீட்டர். ஒரு வீட்டுக்கு ஒரு சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டாலே தரை முடிந்துவிடும். முடிந்ததைக் கொடுங்கள், நூறு ரூபாய்க்கும் ரசீது உண்டு. வரவு செலவை மாதாமாதம் மண்டபப் பலகையில் ஒட்டுகிறோம்.

பணம் தர முடியாதவர்கள் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வாருங்கள். கோடு ஒட்டவும் பந்து பொறுக்கவும் ஆள் போதவில்லை. அப்புறம், பெத்தாங்க் ஆடும் தாத்தாக்களே, அந்த அளக்கும் டேப்பையும் கொண்டு வாருங்கள். எங்களுடையது அறுந்துவிட்டது.

இப்படிக்கு,
போச்சா ஆடுகளக் குழுவினர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி