பழைய கோச்சிப் பாதைக்கு ஓர் அறை

ஆசிரியர் அவர்களுக்கு,

லண்டனில் இருக்கும் மகனிடம் போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளோடு சசெக்ஸ் பக்கம் உள்ள புளூபெல் ரெயில்வேக்குக் கூட்டிப்போனார்கள். நீராவி எஞ்சின் இழுக்கும் உல்லாசப் பயணக் கோச்சி அது. 11 மைல்தான் பாதை. கரிப்புகை மணம் மூக்கில் ஏறியதும் சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் ஸ்டேசனில் நின்றது நினைவுக்கு வந்து, கண் கலங்கிவிட்டது.

1958இல் மூடப்பட்ட பாதை அது. ரயிலில் பிரியமுள்ளவர்கள் ஒன்றுசேர்ந்து 1960இலேயே அதில் ஒரு துண்டைத் திரும்ப ஓட்டத் தொடங்கியிருக்கிறார்கள். வடக்கே ஈஸ்ட் கிறின்ஸ்ரெட் வரை நீட்டப் போனபோது, பாதைக்காக வெட்டிய பள்ளம் முழுக்க ஊர்க்குப்பை நிரம்பிக் கிடந்ததாம். விடவில்லை. தோண்டி எடுத்து, பெரும்பகுதியை ரயிலிலேயே ஏற்றி அனுப்பி, 2013இல் போய்ச் சேர்ந்தார்கள். ஒவ்வொரு ஸ்டேசனையும் ஒவ்வொரு காலத்துக் கோலத்தில் வைத்திருக்கிறார்கள். வேலை செய்பவர்களில் அநேகர் சம்பளமில்லாத தொண்டர்கள்.

எங்கள் யாழ்ப்பாண ரயில் பாதைக்கும் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் முதல் ரயில் ஓடியது. 1905இல் கொழும்போடு இணைந்தது. 1956இல் யாழ்தேவி கடுகதி ரயில் வந்தது. 1990 ஜூனோடு, போரால் எல்லாம் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் எனும் பதுங்குகுழிகளுக்குப் போனதை எங்கள் தலைமுறை கண்ணால் கண்டது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பி வந்தது பெரிய காரியம்தான். ஆனால் புதுப் பாதையில் பழைய பாதையின் அடையாளம் ஒன்றும் இல்லை.

அதனால் கேட்கிறேன்: யாழ்ப்பாணம் ஸ்டேசனிலோ காங்கேசன்துறையிலோ ஓர் அறை ஒதுக்க முடியாதா? கண்டிப் பக்கம் கடுகண்ணாவையில் தேசிய புகையிரத அருங்காட்சியகம் இருக்கிறது, சரி. இங்குள்ள பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை பேர் அவ்வளவு தூரம் போவார்கள்? பழைய படங்கள், அட்டைச் சீட்டுகள், கைவிளக்குகள் இன்னும் வீடுகளில் கிடக்கின்றன. ஓடும் எஞ்சினிலிருந்து டப்லட் வளையத்தை (அடுத்த ஸ்டேசன் வரை போக ரயிலுக்கு அனுமதி தரும் அடையாளம்) கைமாற்றிய ஸ்டேசன் மாஸ்டர்களும் போர்ட்டர்களும் எண்பதைத் தொட்டுவிட்டார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யும் வேலையையாவது பழைய மாணவர் சங்கங்களும் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் இந்த வருடமே தொடங்கலாம்.

அப்பா கடைசியாகக் கொழும்புக்குப் போன அட்டைச் சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அறை திறந்தால் முதல் ஆளாகக் கொண்டுவந்து தருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோண்டாவில்