டிக்கெட் வாங்கும் முன் படி, கண்ணு

ஏற்காடு,
ஞாயிறு காலை.

அன்பு மகள் கயலுக்கு,

நீயும் பாப்பாவும் நலமா? மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் நீங்கள் இருவர் மட்டும் வருகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். மெல்பேர்னிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் பெங்களூர் வரும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் டிக்கெட்டை, சேர்த்து வைத்த மைல்களை, அதாவது பறப்பதற்கும் கார்டு செலவுக்கும் சேரும் புள்ளிகளை, போட்டு மேல் வகுப்புக்கு மாற்றலாமா என்றும் கேட்டிருந்தாய். மாற்றலாம். ஆனால் இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு அப்கிரேடை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதே. பணம் கட்டுகிற அன்றைக்கே பாதி முடிவாகிவிடுகிறது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் எகானமி என்பது ஒரே விலை இல்லை. லைட், வேல்யூ, ஸ்டாண்டர்டு, ஃப்ளெக்ஸி என்று வரிசையாக இருக்கும். லைட் டிக்கெட்டை, உன் கணக்கில் எவ்வளவு மைல் இருந்தாலும், மைல் போட்டு மாற்ற முடியாது. விலைக்குக் கீழே நிபந்தனைகளை விரித்துப் பார்த்தால் பெட்டி, ரத்து, தேதி மாற்றம் என்று போகும் பட்டியலில் மைல் அப்கிரேடுக்கும் ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் படிக்காமல் பணம் கட்டாதே. போக ஒரு வகை, வர ஒரு வகை என்று கலந்து எடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகப் பார்.

அடுத்தது, விமானத்தை யார் ஓட்டுகிறார்கள் என்பது. டிக்கெட்டில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் குறியீடான எஸ்க்யூ (SQ) என்று தொடங்கும் விமான எண் இருந்தாலும் கூட்டாளி நிறுவனத்தின் விமானமாக இருக்கலாம். சின்ன எழுத்தில் இயக்குபவர் பெயர் போட்டிருப்பார்கள். அப்படியென்றால் இந்த மைலை வைத்து மாற்றுவது பெரும்பாலும் நடக்காது. டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கமும் துப்புக் கொடுக்கும்: 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கொடுத்த டிக்கெட், 098 ஏர் இந்தியா, 176 எமிரேட்ஸ். ஸ்கூட் அவர்கள் குடும்பத்து நிறுவனம்தான், ஆனால் மலிவு விமானம். இந்தக் கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

இருக்கைப் படத்தில் பிசினஸ் வகுப்பு காலியாகத் தெரிகிறதே என்று நம்பிவிடாதே. விற்கிற இருக்கை வேறு, மைலுக்கென்று ஒதுக்குகிற இருக்கை வேறு. பத்து காலியாக இருக்கும்போதும் மைலுக்கு ஒன்றுகூடத் திறக்காமல் இருப்பார்கள், காசு கொடுத்து வாங்க ஆள் வருவார்கள் என்ற நம்பிக்கையில். மைலுக்கு ஒதுக்குவதில் இரண்டு வகை பார்ப்பாய். சேவர் என்றால் குறைந்த மைல், இடம் அரிது. அட்வாண்டேஜ் என்றால் மைல் கூடுதல், கிடைக்க வாய்ப்பும் கூடுதல். சேவர் இல்லையென்றால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் போடு. அந்த மைல் முழுதும் கணக்கில் இருக்கட்டும். கிரெடிட் கார்டு பாயிண்டை மைலாக மாற்றச் சில நாள் பிடிக்கலாம், மாற்றியதைத் திரும்பப் பெறவும் முடியாது. ஆகவே டிக்கெட் வகை உறுதியாகும்வரை கார்டிலேயே கிடக்கட்டும். இடையில் மேல் வகுப்பு இருக்கைக்கு ஏலம் கேட்டு மின்னஞ்சல் வரும். அது பணம் கட்டுவது, மைலோடு குழப்பிக்கொள்ளாதே.

டிசம்பர், ஜனவரியில் அங்கே பள்ளி விடுமுறை. பொங்கலுக்கு நீ இங்கே இருக்கவேண்டும் என்றுதான் எங்கள் மனசு, ஆனால் அந்த வாரங்களில் மைலுக்கு இடம் திறப்பது மிகக் கடினம். மார்ச்சில் வா. முதல் மழை விழுந்தால் தோட்டமெல்லாம் காபிப் பூ வெள்ளையாகப் பூத்து மணக்கும், பாப்பாவுக்கும் குளிர் அடிக்காது. பொங்கலுக்கேதான் என்றால் 355 நாளுக்கு முன்பே முன்பதிவு திறக்கும், அப்போதே உட்கார்ந்துவிடு.

எல்லாப் பயணத்தையும் மாற்றாதே. சிங்கப்பூரிலிருந்து பெங்களூர் சுமார் நாலரை மணி நேரம்தான், அதில் மைலைக் கொட்டுவது வீண். திரும்பும்போது சிங்கப்பூரிலிருந்து மெல்பேர்னுக்கு இரவு விமானம் எடுத்து, அதை மட்டும் மாற்று. படுத்துத் தூங்க முடிகிற ஒரு ராத்திரிதான் உனக்கு வேண்டியது. வழக்கமாக ஒரு படிதான் ஏற முடியும் என்பதையும் கவனி. அந்த விமானத்தில் எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவிலான பிரீமியம் எகானமி வகுப்பு இருந்தால் எகானமி டிக்கெட் அதோடு நின்றுவிடலாம், அதில் படுக்கை கிடையாது. பிரீமியம் எகானமி இல்லாத விமானமாகப் பார்த்து எடு.

இனி உன் பெயர். உன் மைல் கணக்கு கல்யாணத்துக்கு முன் தொடங்கியது, அதில் என் பெயர் உன் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. புதிய பாஸ்போர்ட்டில் மாப்பிள்ளை பெயர். டிக்கெட் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் இருக்கவேண்டும், கணக்கும் அதோடு ஒத்துப்போகவேண்டும். இல்லையென்றால் பறந்ததற்கு மைல் ஏறாது, அப்கிரேடு கேட்கும்போதும் நிற்கும். நம் ஊர் இனிஷியல் வழக்கத்தால் எத்தனையோ பேருக்கு இதே சிக்கல். பாஸ்போர்ட் நகலும் திருமணச் சான்றிதழும் அனுப்பி இப்போதே மாற்றிவிடு, டிக்கெட் போட்ட பிறகு அலையாதே.

பாப்பா மடியில் வந்தாலும் அவளுக்கும் ஒரு டிக்கெட் உண்டு. உன்னுடையது மாறினால் அவளுடையதும் மாறவேண்டும், அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். போனில் பேசி, தொகையைக் கேட்டுக்கொண்டு சம்மதம் சொல். தொட்டில் மாட்டும் இருக்கை சிலதுதான். வகுப்பு மாறியவுடன் பழைய இருக்கை, தொட்டில், சொல்லி வைத்த சாப்பாடு எல்லாம் விழுந்துவிடும். அதே போனிலேயே மறுபடி பதியச் சொல்லி, பயணத்துக்கு மூன்று நாள் முன்பு ஒருமுறை சரிபார்.

விமானத்தையே மாற்றிவிட்டு உன்னைப் பழைய வகுப்பில் உட்கார வைத்தால், போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதே. மைலைத் திருப்பிக் கேட்க அதுதான் ஆதாரம்.

மைல் மூன்று வருஷம்தான் உயிரோடு இருக்கும். ஒரு மார்ச்சில் ஏறியது மூன்று வருஷம் கழித்து வரும் மார்ச் கடைசியில் போய்விடும். அம்மாவுக்கும் எனக்கும் என்று மிச்சம் பிடித்து வைக்காதே. கணக்கில் ஐந்து பேரை நாமினியாக, அதாவது உன் மைலைப் பயன்படுத்தக்கூடியவர்களாக, சேர்க்கலாம், எங்களைச் சேர்த்து வை, போதும். இந்தமுறை உனக்கே செலவு செய்.

பெங்களூரிலிருந்து சேலத்துக்கு விமானம் தேடாதே. தனி டிக்கெட், சின்ன விமானம், உள்நாட்டுப் பெட்டி அளவு 15 கிலோ. பாப்பா சாமானுக்கே அது பத்தாது, முதல் விமானம் தாமதமானால் இதற்கு யாரும் பொறுப்பில்லை. நான் காரோடு வருகிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் வழி. இரவில் இறங்கினால் தொப்பூர் கணவாயில் வண்டி ஓட்டவேண்டாம், பெங்களூரிலேயே தங்கிக் காலையில் கிளம்புவோம். இருபது கொண்டை ஊசி வளைவும் வெளிச்சத்திலேயே ஏறிவிடலாம்.

பணம் கட்டும் முன் அந்த நிபந்தனைப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, கண்ணு.

அன்புடன்,
அப்பா