குவியலுக்குள் இருக்கும் காற்று

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தோள்வலி தணிந்து மறுபடியும் கோடரி பிடிக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. முன்பு பச்சைத் திட்டாகத் தெரிந்த எதிர் மரத்தில் இப்போது இலைகளைத் தனித்தனியாகப் பார்க்கிறேன். அந்த மகிழ்ச்சியில் வீட்டில் எதைப் பார்த்தாலும் அளக்கத் தோன்றுகிறது. நீயும் சரியான நேரத்தில் விறகுக் கணக்கை அனுப்பியிருக்கிறாய்.

"ஐந்து கன மீட்டர் என்று சொல்லிக் கொட்டிவிட்டுப் போனார். இரண்டு நாள் முதுகு ஒடிய அடுக்கினேன். மூன்றரைகூடத் தேறவில்லை. ஏமாற்றிவிட்டார்" என்று எழுதியிருந்தாய். அவரைத் திட்டுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள். அவர் சொன்னது எந்தக் கன மீட்டர்? விறகுக்கு மூன்று விதமான கன மீட்டர் உண்டு. இடைவெளியே இல்லாத கெட்டி மரம் ஒரு கன மீட்டர் என்றால், அதை முப்பது சொச்சம் சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுத்துப் பிளந்து ஒழுங்காக அடுக்கும்போது ஏறத்தாழ 1.4 ஆகும். அதே கட்டைகளை வாரி வீசிக் குவித்தால் 2 ஆகும். மரம் ஒரு துளியும் கூடவில்லை, நடுவில் காற்றுதான் புகுந்துகொண்டது. கொட்டிய ஐந்து அடுக்கும்போது மூன்றரை ஆவது இயல்பு. உனக்கு வந்தது 3.4. அவர் அடுக்கிய அளவைச் சொல்லி விற்றிருந்தால் உன் கோபம் முழுக்க நியாயம். கொட்டிய அளவைச் சொல்லியிருந்தால் அவர் நேர்மையாகத்தான் நடந்திருக்கிறார்.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. பிரான்சில் 1795ஆம் ஆண்டு மீட்டர், லிட்டர், கிராம் எல்லாம் பிறந்த அதே சட்டத்தில், விறகுக்கென்றே ஸ்டேர் என்று ஓர் அளவு வைத்தார்கள். அது ஒரு கன மீட்டர்தான். அமெரிக்காவில் கார்டு என்பார்கள். நான்கடி உயரம், நான்கடி அகலம், எட்டடி நீளம், ஆக 128 கன அடி. அதுவும் அடுக்கிய அளவே. கொட்டிக் கிடப்பதை அளக்க முடியாது என்று எண்ணித்தான் அடுக்கச் சொன்னார்கள் போலும். ஆனால் அடுக்காமலே நல்ல குத்துமதிப்புக்கு வர முடியும் என்பது என் துணிபு. போன வாரம் செய்தும் பார்த்தேன்.

எங்கள் வாசலில் கொட்டிய குவியலின் அடியைச் சுற்றிக் கயிறு பிடித்தேன். மறுமுனையைப் பேத்தி பிடித்துக்கொண்டாள். தள்ளி உருண்டு கிடந்த ஏழெட்டுக் கட்டைகளை முதலில் குவியலின் மேல் எடுத்துப் போட்டோம். இல்லாவிட்டால் கயிறு அவற்றையும் வளைத்துக்கொண்டு ஓடும். சுற்றளவு 9.4 மீட்டர். உச்சியில் ஒரு நீண்ட கழியைப் படுக்கையாக வைத்து, அதன் நுனியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு உயரம் பார்த்தோம். 1.2 மீட்டர்.

இதற்குப் பிறகுதான் எல்லோரும் சறுக்குகிற இடம். குவியல் என்றாலே கூம்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது மனத்தில் நிற்கிறது. கூம்பு என்றால் சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, உயரத்தாலும் பெருக்கி, 38ஆல் வகுத்தால் போதும். அப்படிச் செய்தால் 2.8 கன மீட்டர் வருகிறது. ஆனால் கையால் வீசிய விறகு அவ்வளவு கூராக நிற்பதில்லை. உச்சி மழுங்கி, இடுப்பு புடைத்து, கவிழ்த்த சட்டி போல் உட்கார்ந்திருக்கும். அந்த வடிவத்துக்கு வகுக்க வேண்டிய எண் 25. அப்போது 4.2 வந்துவிடுகிறது! கயிறும் அதே, உயரமும் அதே. பார்வை ஒன்று மாறியதற்குப் பாதிக்குப் பாதி கூடிவிட்டது. டேப்பைத் துல்லியமாகப் பிடிப்பதில் நாம் காட்டுகிற அக்கறையில் கொஞ்சத்தை, பத்தடி தள்ளி நின்று குவியலின் விளிம்புக்கோட்டைப் பார்ப்பதில் காட்டலாம். சரிவு நேர்கோடா, வெளியே பிதுங்கியிருக்கிறதா என்பதைப் புதுக்கண்ணால் நன்றாகப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே என்று தீர்மானித்து 31ஆல் வகுத்தேன். 3.4 வந்தது.

சுற்றளவில் மட்டும் கவனம் சிதறக் கூடாது. உயரத்தில் பத்துக்கு ஒன்று தவறினால் விடையும் பத்துக்கு ஒன்றுதான் தவறும். சுற்றளவில் தவறினால் அது தன்னாலேயே பெருக்கப்பட்டு இரண்டு மடங்காகிவிடும். அடி வட்டமாக இல்லாமல் நீண்டு கிடந்தால் இந்தக் கயிற்றுக் கணக்கையே விட்டுவிடு, அது கூட்டிக் காட்டும். வரப்பு போல் கிடக்கும் குவியலுக்கு அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பாதியாக்கி, நீளத்தால் பெருக்கு. இரு முனைகளும் சரிவதால் நீளத்தைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்.

கொட்டிய ஐந்து மூன்றரை ஆகிற அதே கணக்கில், 3.4இல் பத்துக்கு ஏழு பங்கு என்று வைத்தால், அடுக்கும்போது 2.4 வர வேண்டும். மூன்று மாலை வேளைகளில் அடுக்கி முடித்தோம். கட்டை நீளம் 40 சென்டிமீட்டர், வரிசை நீளம் 3.6 மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர். பெருக்கினால் 2.16. பத்துக்கு ஒன்று கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன். காரணம் அடுக்கும்போதே கையில் பட்டது. பாதிக்கு மேல் கணுவும் வளைவுமான கிளைக்கட்டைகள். ஒன்றை வைத்தால் அடுத்தது அதன்மேல் படியாமல் துள்ளுகிறது. நீளமும் வளைவும் கூடக் கூட, வீசிய குவியலில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே தாங்கி நின்று பொந்து பொந்தாக இடம் விடுகிறது. ஒரு பொந்துக்குள் என் முழங்கை வரை போயிற்று. இப்படிப்பட்ட விறகுக்கு ஏழுக்குப் பதிலாக ஆறரை என்று எடுத்திருக்க வேண்டும்.

அடுக்குக்குள்ளும் காற்று எவ்வளவு என்று பார்த்துவிடலாம் என்று பேத்தி சொன்னாள். அடுக்கின் முகப்பைப் படமெடுத்து, அதன்மேல் பத்துக்குப் பத்து கட்டம் போட்டு, நூறு புள்ளிகளில் எத்தனை மரத்தின்மேல் விழுகின்றன என்று எண்ணினாள். 63. மற்றவை கறுத்த இடைவெளியில் விழுந்தன. ஆக, கெட்டி மரம் சுமார் 1.36 கன மீட்டர். எவ்வளவு எளிய வழி, எனக்குத் தோன்றவே இல்லையே என்று அன்றிரவு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எடை போட்டு வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். பச்சை விறகு என்றால் வேண்டாம். எடையில் பாதி தண்ணீராகவே இருக்கக்கூடும், காயக் காயக் கணக்கு மாறிக்கொண்டே போகும். கன அளவும் காய்ந்தால் சுருங்கும்தான், ஆனால் அவ்வளவு மோசமில்லை.

அடுத்த லோடு வந்ததும் உடனே அடுக்கத் தொடங்கிவிடாதே. சுற்றளவு, உயரம், கட்டையின் நீளம் மூன்றையும் குறித்து, தள்ளி நின்று ஒரு படமும் எடுத்து எனக்கு அனுப்பு. நான் இங்கிருந்தே எவ்வளவு அடுக்கு தேறும் என்று எழுதுகிறேன். என் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு நீ அடுக்கி அளந்துவிட்டுப் பிறகு பிரி. தோளைப் பார்த்துக்கொள், ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்காதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்