வெள்ளிக்கிழமை இல்லாத வாரம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒரு வாசகர், "பூமி உருண்டை, அது சுழன்றுகொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் சனிக்கிழமை என்றால் மறுபக்கம் வெள்ளி. அப்புறம் ஏழாம் நாள் ஓய்வை எப்படி ஆசரிப்பது? தட்டையான பூமிக்கு எழுதிய சட்டம் அது" என்று எழுதியிருந்தார். நான், வேதம் சொல்லும் ஏழாம் நாளான சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கிற குடும்பத்தில் பிறந்தவன். பல வருடம் சரக்குக் கப்பலின் என்ஜின் அறையில் வேலை பார்த்தவன். அவர் கேட்டதில் விஷயம் இருக்கிறது. ஆனால் வலி ஓரிடத்தில் இருக்க, தைலத்தை வேறிடத்தில் தேய்த்திருக்கிறார்.

உருண்டையாக இருப்பதில் சிக்கலே இல்லை. சாயங்காலம் தொடங்கி மறுநாள் சாயங்காலம் வரை என்பது வேதத்தின் கணக்கு. உலகம் முழுக்க ஒரே நொடியில் ஓய வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. பூமி மணிக்கு 15 பாகை திரும்புகிறது. அஸ்தமனம் அதே வேகத்தில் மேற்கே நகர்கிறது. தன் ஊருக்கு அது வரும்போது அவரவர் கைவேலையைக் கீழே வைக்கிறார்கள், அவ்வளவுதான். ஆக்லாந்தில் ஓய்வுநாள் முடியப்போகும் வேளையில்தான் ஹோனலுலுவில் தொடங்குகிறது. இதில் யாரும் யாரோடும் முரண்படவில்லை.

முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. நாள் வட்டமாகச் சுற்றி வருகிறது என்றால் எங்கோ ஓரிடத்தில் அதை வெட்டியாக வேண்டும். எங்கே வெட்டுவது?

மெகல்லனின் ஆட்கள் உலகைச் சுற்றிவிட்டு 1522 ஜூலையில் கேப் வர்டி தீவுகளைத் தொட்டபோது, கப்பல் குறிப்பேட்டின்படி அன்று புதன்கிழமை. கரையில் இருந்தவர்களோ வியாழன் என்றார்கள். கப்பலில் இருந்து நாள் தவறாமல் குறிப்பு எழுதிவந்த பிகாஃபெட்டாவுக்கு இது பெரிய வியப்பு. அவர் எண்ணியதில் பிழை இல்லை. மேற்கே போகப் போக ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீண்டுகொண்டே போய், கடைசியில் ஒரு முழு நாளையே விழுங்கிவிட்டது.

இதை நான் உடம்பாலேயே அறிவேன். கலிபோர்னியாவிலிருந்து ஜப்பான் போகும்போது சில நாளுக்கு ஒருமுறை இரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தை மூன்று வாட்ச்சுக்கும், அதாவது மூன்று வேலை முறைக்கும், இருபது இருபது நிமிடமாகப் பங்கு போடுவோம். என்ஜின் அறைச் சூட்டில் கூடுதலாக நிற்கும் அந்த இருபது நிமிடம் லேசில் நகராது. ஒரு பயணத்தில் மெஸ் கதவில் தாள் ஒட்டியிருந்தது: "இந்த வாரம் வெள்ளிக்கிழமை கிடையாது." நாள் மாறும் தேதிக்கோட்டை மேற்கே கடப்பதால், வியாழன் நள்ளிரவு தாண்டினால் சனி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓய்வுநாள் தொடங்குவது வெள்ளி அஸ்தமனத்தில். அந்த அஸ்தமனமே இல்லை! போன ஓய்வுநாளுக்குப் பிறகு நான் வேலை செய்தது ஐந்தே நாள். இப்போது ஓய்ந்தால் ஆறு நாள் வேலை என்ற கணக்கு உதைக்கிறது. ஓயாவிட்டால் சனிக்கிழமை போய்விடுகிறது.

என்னைவிடப் பெரியவர்களும் இதில் திணறியிருக்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. லிதுவேனியாவில் ஜப்பானியத் துணைத் தூதர் சுகிஹாரா 1940-ல் கொடுத்த விசாக்களால் உயிர் தப்பி, ஜப்பானின் கோபே நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள் யூத அகதிகள். இங்கே ஓய்வுநாள் எது, யோம் கிப்பூர் என்னும் பாவநிவிர்த்தி நோன்பு எந்தக் கிழமை என்று கேட்டு 1941-ல் எருசலேமுக்குத் தந்தி அடித்தார்கள். ரபிகள் என்னும் யூத மதகுருக்கள் கூடிப் பேசி, உள்ளூர் நாட்காட்டிப்படி புதன்கிழமையே நோன்பு என்று பதில் அனுப்பினார்கள். ஹசோன் இஷ் என்று அழைக்கப்பட்ட பேரறிஞர் ஒப்பவில்லை. எருசலேமிலிருந்து கிழக்கே 90 பாகையில் நாள் மாறும் கோடு விழுகிறது என்பது அவர் வாதம். எருசலேம் கிழக்குத் தீர்க்கரேகை 35 பாகையில் இருக்கிறது, ஆகவே கோடு 125-ல். கோபே அதற்கும் அப்பால் 135-ல் இருப்பதால், அங்கே புதன்கிழமை சாப்பிட்டு வியாழன் நோன்பிருக்கச் சொன்னார். அவர் கணக்கில் ஜப்பானில் ஓய்வுநாள் ஞாயிற்றுக்கிழமை. இன்னொரு ரபி, எருசலேமுக்கு நேர் மறுபுறத்தில் கோட்டைப் போட்டார். அப்படிப் பார்த்தால் ஹவாயில் வெள்ளிக்கிழமையே ஓய்வுநாள்.

நம் வாசகர், தேதிக்கோடு 180 பாகையில் நேராகப் போவதாக எழுதியிருப்பதையும் திருத்த வேண்டும். வாஷிங்டனில் 1884-ல் கூடிய மாநாடு கிரீன்விச்சைப் பூஜ்யமாக வைத்ததோடு சரி. தேதிக்கோட்டை எந்த ஒப்பந்தமும் வரையவில்லை. அந்தந்த அரசு இழுத்த இழுப்புக்கு அது வளைகிறது. சமோவா 1892-ல் அமெரிக்கப் பக்கம் சேர்ந்தபோது ஜூலை 4 இரண்டு முறை வந்தது. வியாபாரத்துக்கு ஆஸ்திரேலியப் பக்கமே வசதி என்று 2011-ல் திரும்பியபோது டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை, அப்படியே காணாமல் போனது. என் கப்பலில் நடந்தது ஒரு நாட்டுக்கே நடந்தது! அங்குள்ள ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபை பழைய எண்ணிக்கையை விடாமல், இப்போது ஞாயிறு என்று பெயர் பெற்ற நாளில் ஓய்கிறது. இதை ஏற்காத சிலர் பிரிந்து போய்ச் சனிக்கிழமையை ஆசரிக்கிறார்கள். அண்டை நாடான டோங்காவில் அட்வென்டிஸ்டுகள் நெடுங்காலமாகவே ஞாயிற்றுக்கிழமைதான் கூடுகிறார்கள். நான் எண்ணிக்கைக்காரர்கள் பக்கம். கிழமைக்குப் பெயர் வைப்பது அரசாங்கத்தின் வேலை, ஏழு எண்ணுவது அதன் வேலை இல்லை. பிரிந்து போனவர்களும் பக்தியில் குறைந்தவர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

துருவப் பக்கம், விண்வெளி என்று அடுக்குவதெல்லாம் இதற்குக் கிளைதான். நார்வேயின் ட்ரோம்சோவில் மே பிற்பகுதியிலிருந்து ஜூலை பிற்பகுதி வரை சூரியன் மறையாது. இஸ்ரேலிய விண்வெளி வீரர் இலான் ரமோன் 2003-ல் போன கொலம்பியா விண்கலத்தில் ஒன்றரை மணிக்கு ஓர் அஸ்தமனம். அவர் புறப்பட்ட இடத்து நேரத்தைப் பிடித்துக்கொண்டார்.

இதற்கெல்லாம் வெகு காலம் முன்பே, யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. வனாந்தரத்தில் வழிதவறி, என்ன கிழமை என்பதையே மறந்துபோனவன் என்ன செய்வான்? ஆறு நாள் எண்ணிவிட்டு ஏழாம் நாள் ஓயட்டும் என்கிறார் ராவ் ஹூனா. முதலில் ஒரு நாள் ஓய்ந்துவிட்டு ஆறு எண்ணட்டும் என்கிறார் ஹியா பார் ராவ். எண்ணாமல் விட்டுவிடலாம் என்று இருவருமே சொல்லவில்லை.

அந்தப் பயணத்தில் நான் சனியும் ஓய்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை வாட்ச் முடித்த கையோடு, வேறு எதையும் தொடாமல் படுத்துக்கொண்டேன். திரும்பும்போது கிழக்கே வந்ததால் சனிக்கிழமை இரண்டு தடவை வந்தது. இரண்டுக்கும் வாட்ச் மாற்றித் தரக் கேட்டேன். செகண்ட் இன்ஜினியர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒன்றுதான். எது வேண்டும் என்று நீயே சொல்" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் என்ஜின் பணியாளர்