கதிர்வீச்சுச் சிகிச்சைச் சோதனைக் கருவிகளுக்கு நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து புற்றுநோய்க்குக் 'கரண்ட் வைக்க'ச் செல்வோர், வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறேழு வாரம் மருத்துவமனைக்கு நடையாய் நடப்பதை நம்மில் பலர் சொந்த வீட்டிலேயே பார்த்திருக்கிறோம். அவர்கள் நாடிச் செல்லும் அறக்கட்டளை மருத்துவமனை ஒன்றின் கதிர்வீச்சுப் பிரிவுக்குச் சோதனைக் கருவிகள் வாங்கித் தர நமது குழு முடிவு செய்துள்ளது.

சிகிச்சை இயந்திரம் அங்கே இருக்கிறது. அது இன்று தரும் கதிரின் அளவு சரிதானா என்று அளந்து பார்க்கும் கருவிகள்தாம் போதவில்லை. லீனியர் ஆக்சிலரேட்டர் எனும் அந்தச் சிகிச்சை இயந்திரத்தின் கதிரளவை நாள்தோறும் காலையில் சோதித்து, 3 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் காரணம் கண்டறிந்து சரிசெய்ய வேண்டும் என்பது மருத்துவ இயற்பியலாளர்கள் பின்பற்றும் நெறி. கதிர் கண்ணுக்குத் தெரியாது, படும்போது வலிக்கவும் செய்யாது என்பதால், பிழை நேர்ந்தால் அது வெளிப்படுவதற்குள் வாரங்கள் கடந்துவிடும். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் 1988-இல், சிகிச்சைக்கான கதிரைத் தரும் புதிய கோபால்ட் மூலத்தின் கதிரளவைக் கணக்கிட்டதில் நேர்ந்த ஒரே பிழையால் 200-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குச் சுமார் 25 சதவீதம் கூடுதல் கதிர் செலுத்தப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. வாய், தொண்டைப் புற்றுநோயாளிகளுக்கு, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் இழுத்துப் பதித்து முகமூடி செய்வார்கள். கதிர் படவேண்டிய இடத்துக்கான கோடுகளை அதன் மேல்தான் வரைவார்கள். விழுங்க முடியாமல் நான்காம் வாரத்தில் மெலிந்துபோனவரின் கன்னத்துக்கும் முகமூடிக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி விழுந்தால், தலை அசையும்; கதிர் இடம் மாறும். அப்போது புதிய முகமூடி செய்து, மறுபடி சி.டி. ஸ்கேன் எடுத்துச் சிகிச்சைத் திட்டத்தைத் திருத்த வேண்டும். பணமில்லை என்பதற்காக எவருக்கும் இது தள்ளிப்போகக் கூடாதென்று, நன்கொடையில் ஒரு பங்கை இதற்கே ஒதுக்குகிறோம்.

மீதித் தொகையில் தினசரிச் சோதனைக் கருவி, உடலுக்கு ஈடாக வைத்து அளக்க உதவும் நீர்த்தொட்டி, கதிரை உணரும் அயனி அறை, அதில் உண்டாகும் மின்னளவைக் காட்டும் எலக்ட்ரோமீட்டர் ஆகியவை வாங்கப்படும்; கடைசி இரண்டையும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பி அளவுத்திருத்தம் செய்யும் செலவும் இதில் அடங்கும். கட்டடத்துக்குக் கிடைப்பதுபோல் இத்தகைய கருவிகளுக்குக் கொடை எளிதில் கிடைப்பதில்லை. பெயர் பொறிக்க இவற்றில் இடமுமில்லை. ஆயினும், மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்கிய வள்ளல் அழகப்பரின் ஊரில் இதைக் கேட்க நாங்கள் தயங்கவில்லை.

நகரத்தார் பெருமக்கள் புள்ளிக்கு (மணமான குடும்பம் ஒன்றுக்கு) ரூ.1,000 வழங்கவும், வணிகர்கள் அறப்பணிக்கென எடுத்துவைக்கும் இவ்வாண்டு மகமையில் ஒரு பகுதியை ஒதுக்கவும், மற்ற அன்பர்கள் இயன்றதைத் தரவும் வேண்டுகிறோம். தொகையைப் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். கருவிகளின் பில்லும் வரவு செலவுக் கணக்கும் நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும்.

இங்ஙனம்,
குழுவினர்